பருப்புக்குப் போட்ட தடை

அப்பாவுக்கு 71 வயது. சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. போன ஆடி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.8 என்று வந்தது. மருத்துவமனையில் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். தாளில் இரண்டு பத்திகள்: இடப்பக்கம் ‘சாப்பிடலாம்’, வலப்பக்கம் ‘கூடாது’. கூடாது என்ற பத்தியின் முதல் வரியே ‘பருப்பு, பயறு வகைகள் அனைத்தும்’. அதற்கு அடுத்த வரி சோயா. சாப்பிடலாம் என்ற பத்தியில் முட்டை வெள்ளைக்கரு, கோழிக்கறி இரண்டு துண்டு.

அன்று சாயங்காலமே அம்மா துவரம்பருப்பு டப்பாவைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டார். சாம்பார் நின்றது. வெள்ளிக்கிழமைச் சுண்டல் நின்றது. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள வெறும் காரச்சட்னி. அப்பா எதற்கும் முகம் சுளிக்கிற ஆள் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே, “பருப்பு இல்லாம என்னம்மா சாப்பாடு?” என்று மட்டும் கேட்டார். எடை நான்கு கிலோ குறைந்திருந்தது. குறைந்தது கொழுப்பு இல்லை, தசை. சட்டைக்குள் தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

அந்தத் தாளின் முதல் வரி எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் தேடத் தொடங்கினேன். தேடிப் பார்த்ததில், அந்த வரிக்கு அறுபது வயது ஆகிறது.

1963-ல் நேப்பிள்ஸில் கார்மெலோ ஜியோர்தானோ, 1964-ல் பீசாவில் செர்ஜியோ ஜொவான்னெட்டியும் குயிரினோ மஜோரேயும். மூவரும் இத்தாலிய மருத்துவர்கள். அவர்கள் முன்னால் இருந்தவர்கள் சிறுநீரகம் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்த நோயாளிகள். ரத்தத்தில் கழிவு தேங்கி, ஓயாத குமட்டலும் அரை மயக்கமுமாகக் கிடந்தவர்கள். டயாலிசிஸ் அப்போது உலகின் ஒரு சில ஊர்களில்தான் இருந்தது. மருத்துவர்கள் அவர்களுடைய புரதத்தை நாளுக்கு 20 கிராம் அளவுக்குச் சுருக்கினார்கள். அவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கும்போது கொடுக்கிற ஒவ்வொரு கிராமும் வீணாகாமல் உடம்பில் சேர வேண்டும். அதற்கு முட்டைதான் தோது. பருப்பில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு என்பதால் அந்தக் கணக்கில் பருப்புக்கு இடம் கிடைக்கவில்லை. பலருக்குக் குமட்டல் தணிந்தது, சில மாதங்கள் கூடக் கிடைத்தன. அந்த நிலையில் அது சரியான வைத்தியம், அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் அப்பாவின் நிலை வேறு. அவருடைய சிறுநீரகங்கள் சுமார் நாற்பது சதவீதம் வேலை செய்கின்றன. அவரைப் போன்றவர்களுக்கு இன்று சொல்லப்படும் அளவு, உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம். 60 கிலோ மனிதருக்கு 48 கிராம். இவ்வளவு இடம் இருக்கும்போது பருப்பில் குறைகிற மெத்தியோனினை அரிசி கொடுத்துவிடும். அரிசியில் குறைகிற லைசின் என்ற அமினோ அமிலத்தைப் பருப்பு கொடுத்துவிடும். சோயாவுக்கு இந்தத் துணைகூட வேண்டியதில்லை. அதன் புரதம் தரத்தில் முட்டைக்கும் பாலுக்கும் பக்கத்தில் நிற்கிறது. ‘முதல் தரப் புரதம், இரண்டாம் தரப் புரதம்’ என்று பள்ளிப் பாடப் புத்தகத்தில் நாம் படித்த பிரிவினை, ஒரு நாளின் மொத்தச் சாப்பாட்டைச் சேர்த்துப் பார்க்கும்போது கரைந்துவிடுகிறது.

சிறுநீரகத்துக்கு எந்தப் புரதம் பாரம் என்ற கேள்வி வேறொரு வழியாகவும் வந்தது. நம் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண் வடிகட்டிகள், இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடிக்கின்றன. அதில் பெரும்பகுதியை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒன்றரை, இரண்டு லிட்டர்தான் சிறுநீராக வெளியேறும். வயிறு நிறையக் கறி சாப்பிட்டால் அடுத்த சில மணி நேரத்துக்கு இந்த வடிக்கும் வேகம் கூடும். நல்ல சிறுநீரகத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. பாதி நெஃப்ரான்களை இழந்த சிறுநீரகத்தில் மிச்சமிருப்பவை ஏற்கெனவே இரண்டு பங்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் அழுத்தம் கூடக்கூட அவையும் தழும்பேறிப் போகும் என்று 1982-ல் பாஸ்டனின் பாரி பிரென்னரும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதினார்கள். குழாயில் துணி கட்டித் தண்ணீர் பிடிக்கும் வீடுகளில் இதைப் பார்க்கலாம். குழாயை மெல்லத் திறந்தால் துணி வருடக்கணக்கில் உழைக்கும். மோட்டார் போட்டு முழு வேகத்தில் விட்டால் நடுவில் நைந்து, ஒரு நாள் கிழியும்.

பிரென்னருக்குப் பின் வந்தவர்கள், எல்லாப் புரதமும் குழாயை ஒரே மாதிரி திறக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. ஒரே அளவு புரதம் கறியிலிருந்து போனால் வடிக்கும் வேகம் எகிறுகிறது, சோயாவிலிருந்து போனால் அந்த ஏற்றம் குறைவு என்று பல சிறிய சோதனைகளில் தெரிந்தது. இதோடு அமிலக் கணக்கு ஒன்றும் உண்டு. கறியிலும் முட்டையிலும் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் அதிகம். அவை எரிந்து முடியும்போது அமிலம் மிஞ்சுகிறது. அதை வெளியேற்றுவதும் சிறுநீரகத்தின் தலையில்தான் விழுகிறது. பருப்பில் இந்தப் பாரம் குறைவு.

இவ்வளவு படித்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சில மணி நேரச் சோதனையில் தெரிவது, வருடக்கணக்கில் சாப்பிடும்போது நிற்குமா? ஈரானின் இஸ்ஃபஹான் நகரத்திலிருந்து 2008-ல் வந்த ஆய்வு ஒன்று அங்கேதான் கைகொடுத்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்ட 41 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரு பிரிவுக்கும் அதே 0.8 கிராம் அளவுதான். ஒரு பிரிவுக்கு அதில் எழுபது சதவீதம் விலங்குப் புரதம். இன்னொரு பிரிவுக்கு அந்த எழுபதில் பாதியை எடுத்துவிட்டுச் சோயா கொடுத்தார்கள். இப்படி நான்கு வருடம். சோயா சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரில் ஒழுகும் புரதம் குறைந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரையும் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் இறங்கின. 41 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாப்பாட்டு ஆய்வில் நான்கு வருடம் ஆட்களைப் பிடித்து வைப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தவர்கள் இதை லேசாக ஒதுக்க மாட்டார்கள். அங்கே கொடுத்த சோயா எது தெரியுமா? எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்திப் பொரித்தாற்போல் உப்ப வைத்துச் செய்யும் சோயாப் புரதம். நம் மளிகைக் கடையில் மீல் மேக்கர் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த இனம்.

சிங்கப்பூரில் 63,000-க்கும் மேற்பட்ட சீனர்களைப் பதினைந்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சிவப்புக் கறியை, அதாவது பெரும்பாலும் பன்றிக்கறியை, மிக அதிகம் சாப்பிட்ட கால் பங்கினருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழக்கும் அபாயம் மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட 40 சதவீதம் அதிகம். சோயாவும் பயறும் சாப்பிட்டவர்களிடம் அப்படி எதுவும் காணப்படவில்லை. இப்படிக் கவனித்து மட்டும் பார்க்கும் ஆய்வுகள் எது எதனால் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இஸ்ஃபஹானும் சிங்கப்பூரும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

இனி தடைக்கான இரண்டாவது காரணம், பாஸ்பரஸ். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு ரத்தத்தில் பாஸ்பரஸ் தேங்கும். எலும்பு பலவீனமாகும், ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும். உணவு அட்டவணையைத் திறந்தால் 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 300 மில்லிகிராம் பாஸ்பரஸ், கோழிக்கறியில் 200 சொச்சம். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் பருப்பைத்தான் அடிப்பார். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் விதைக்குள் பாஸ்பரஸ் எந்த உருவில் இருக்கிறது என்று அது சொல்வதில்லை. விதை தன் பாஸ்பரஸின் பெரும்பகுதியை முளைக்கும் காலத்துக்காக ஃபைட்டேட் என்ற பூட்டிய பெட்டியில் வைத்திருக்கிறது. அதைத் திறக்கும் நொதி நம் குடலில் மிகச் சொற்பம். அதனால் பருப்பின் பாஸ்பரஸில் பாதிக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. கறியிலிருப்பது அதைவிட எளிதாகச் சேரும். கோலா பானங்களிலும் பதப்படுத்திய இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும். அப்பாவுக்குக் கொடுத்த தாளில் கோலா பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்காவின் இண்டியானாவில் ஷரன் மோ என்ற சிறுநீரக மருத்துவர் 2011-ல் இதை நேராகவே சோதித்தார். ஒன்பது நோயாளிகள். ஒரு வாரம் இறைச்சியும் பாலும் சார்ந்த சாப்பாடு, இன்னொரு வாரம் தானியமும் சோயாவும் சார்ந்த சாப்பாடு. இரண்டிலும் புரதமும் பாஸ்பரஸும் காகிதத்தில் ஒரே அளவு. சைவ வாரத்தில் ரத்தப் பாஸ்பரஸ் குறைந்தது. அதோடு எஃப்.ஜி.எஃப்-23 என்ற ஹார்மோனும் இறங்கியது. பாஸ்பரஸை வெளியே தள்ளச் சொல்லி எலும்பு அனுப்பும் ஆணை அது. இந்த ஹார்மோன் வருடக்கணக்கில் மிகுந்து இருந்தால் இதயத்தின் இடது அறைச் சுவர் தடித்துப்போகும்.

கதை இதயத்துக்கு வந்துவிட்டது. வந்தே ஆக வேண்டும். சிறுநீரக நோய் என்றதும் எல்லோரும் டயாலிசிஸுக்குப் பயப்படுகிறோம். ஆனால் அந்த நோயோடு வாழ்பவர்களில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட அதற்கு முன்பே உயிரிழப்பவர்கள் அதிகம்; அதில் பெரும்பங்கு மாரடைப்பும் மற்ற இதய நோய்களும். ஆகவே சிறுநீரகத்தைக் காப்பதாக நினைத்து இதயத்துக்கு நல்லதைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டால், நோயாளிக்கு இரட்டை நஷ்டம்.

பருப்பு இதயத்துக்கு என்ன செய்கிறது என்பதை அடுப்படியிலேயே பார்க்கலாம். மொச்சையோ கொண்டைக்கடலையோ வேக வைத்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆற விடுங்கள். கரண்டியை விட்டால் கொழகொழவென்று இழுக்கும். அந்தக் கொழகொழப்பில் ஒரு பங்கு கரையும் நார்ச்சத்து. நம் கல்லீரல் கொழுப்பைச் செரிக்கப் பித்தநீர் சுரக்கிறது. பித்த அமிலத்தின் மூலப்பொருள் கொலஸ்ட்ரால். வேலை முடிந்ததும் குடலின் கடைசிப் பகுதி அதில் சுமார் 95 சதவீதத்தை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும்; அவ்வளவு சிக்கனமான ஏற்பாடு. கரையும் நார்ச்சத்து இந்தப் பித்த அமிலத்தில் கொஞ்சத்தைத் தன்னோடு இழுத்துக்கொண்டு மலத்தில் போய்விடுகிறது. கல்லீரல் புதிதாகச் செய்தாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லைப் பிடித்து இழுக்கும் ஏற்பிகளைத் தன் மேல் அதிகமாக முளைக்க வைக்கிறது. ரத்தத்தில் எல்.டி.எல். இறங்குகிறது. அந்த ஏற்பிகளைக் கண்டறிந்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அளவு எவ்வளவு? 2014-ல் டொரண்டோ ஆய்வாளர்கள் 26 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில், நாளுக்குச் சுமார் 130 கிராம் வெந்த பயறு சாப்பிட்டவர்களுக்கு எல்.டி.எல். சுமார் 5 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு கிண்ணம் சுண்டல், அவ்வளவுதான்.

சோயாவின் கதையில் ஏற்ற இறக்கம் அதிகம். 1995-ல் கென்டக்கியின் ஜேம்ஸ் ஆண்டர்சன் 38 சோதனைகளைத் தொகுத்து, சோயாப் புரதம் எல்.டி.எல்.லைச் சுமார் 13 சதவீதம் குறைக்கிறது என்றார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1999-ல், நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கக்கூடும் என்று பொட்டலங்களில் அச்சிட அனுமதி கொடுத்தது. பிறகு பெரிய, இன்னும் கவனமான சோதனைகள் வந்தன. 2006-ல் அமெரிக்க இதயச் சங்கம் கணக்குப் போட்டபோது அந்த 13 சதவீதம் சுமார் 3 ஆகிவிட்டது. 2017-ல் அந்த அனுமதியையே திரும்பப் பெறலாமா என்ற பேச்சு வந்தது. சோயா பொய் என்று சிலர் அப்போது எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சோயா தனியாகச் செய்வது 3, 4 சதவீதம்தான். ஆனால் ஆட்டுக்கறிக் குழம்பு இருந்த இடத்தில் சோயா வரும்போது, கறியோடு வரும் கெட்டியான கொழுப்பும் தட்டைவிட்டுப் போகிறதே, அந்த லாபம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சின்னச் சின்ன லாபங்களைக் கூட்டினால் என்ன வரும் என்பதை டொரண்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் 2003-ல் காட்டினார். சோயா, பாதாம், ஓட்ஸும் வெண்டைக்காயும் தரும் பிசுபிசுப்பான நார்ச்சத்து, தாவர ஸ்டெரால் சேர்த்த வெண்ணெய் மாதிரியான ஒன்று. இந்த நான்கையும் ஒரே சாப்பாட்டுத் திட்டத்தில் சேர்த்து நான்கு வாரம் கொடுத்தபோது எல்.டி.எல். 28.6 சதவீதம் இறங்கியது. லோவாஸ்டாடின் மாத்திரை சாப்பிட்ட பிரிவில் 30.9 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அவர்களுக்குச் சாப்பாடு முழுவதும் அளந்து கொடுக்கப்பட்டது. நம் வீட்டில் அந்தக் கறார் வராது.

குடலின் கடைசியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. செரிக்காத புரதம் பெருங்குடலில் அழுகும்போது, இண்டாக்சில் சல்ஃபேட் போன்ற நஞ்சுகளுக்கான மூலப்பொருள் உண்டாகிறது. இவை ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் டயாலிசிஸ் இயந்திரத்தாலும் சரியாக அகற்ற முடிவதில்லை. ரத்தக் குழாய்களையும் இவை கெடுக்கின்றன. பயறின் நார்ச்சத்து அங்கே போய்ச் சேர்ந்தால் குடல் கிருமிகளுக்கு நல்ல தீனி கிடைக்கிறது, புரதத்தை அழுகவிடும் வேலை குறைகிறது. பருப்பு சாப்பிட்டால் வாயு என்று நாம் அலுத்துக்கொள்கிற அதே நொதிப்புதான் இது.

இவ்வளவும் சேர்ந்துதான் 2024-ல் உலகளாவிய சிறுநீரக நோய் வழிகாட்டு நெறிமுறையில், விலங்கு உணவைவிடத் தாவர உணவு அதிகம் இருக்கட்டும் என்று எழுத வைத்தது. நம் ஊர் ஜெராக்ஸ் தாள்கள் இன்னும் மாறவில்லை.

ஆனால் பொட்டாசியத்தைப் பற்றிச் சொல்லாமல் யாரையும் அடுக்களைக்கு அனுப்ப மாட்டேன். இங்கே பயம் நியாயமானது. பயறு வகைகளில் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் அதை வெளியேற்றாவிட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். அப்பாவுக்கு அன்று 5.2 இருந்தது, எல்லையை ஒட்டி. பொட்டாசியம் தண்ணீரில் கரையும் என்பதுதான் நமக்குள்ள வழி. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துக் கொட்டினால் நல்ல பங்கு போய்விடும். குக்கரில் அளவாகத் தண்ணீர் வைத்து மூன்று விசில் விட்டு மசித்தால் எல்லாம் உள்ளேயே இருக்கும். நம் வழக்கமோ தலைகீழ். உடம்பு சரியில்லாதவருக்குப் பருப்பு வேண்டாம், பருப்புத் தண்ணீர் மட்டும் கொடு என்போம். பொட்டாசியம் கூடியவருக்கு அந்தத் தண்ணீர்தான் ஆகாது. கொள்ளு ரசத்துக்கும் இதே கதை. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பொட்டாசியம் கூடியவர்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

உப்பும் ஆப்பசோடாவும் அடுத்தது. கொண்டைக்கடலை சீக்கிரம் வேகட்டும் என்று ஒரு டீஸ்பூன் ஆப்பசோடா போட்டால் சுமார் 1,260 மில்லிகிராம் சோடியம் சேர்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 2,000-க்குள் நிறுத்தச் சொல்கிறது. இரவே ஊறப்போட்டால் சோடா தேவையில்லை. ராஜ்மாவை மட்டும் அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். கொதிக்கக் கொதிக்க வெந்தால்தான் அதிலுள்ள நச்சுப் புரதம் அழியும். கால்சியம் ஆக்சலேட் கல் அடிக்கடி வருகிறவர்கள் சோயாவைக் குறைத்துக்கொள்வது நல்லது, அதில் ஆக்சலேட் உண்டு. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சோயாவுக்கும் சில மணி நேரம் இடைவெளி விடட்டும். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. அவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், பொட்டாசியத்தில் இன்னும் கறார் வேண்டும்.

நான் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அப்பாவையும் அழைத்துக்கொண்டு வேறொரு சிறுநீரக மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாகப் படித்தார். பொட்டாசியத்தை மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, உணவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பெண் ஒரு நாளைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். 200 கிராம் அரிசியில் 15 கிராம் புரதம், பால், தயிரில் 8, துவரம்பருப்பு 40 கிராமில் 9, ஊறப்போட்ட கடலை ஒரு கைப்பிடியில் 6, ஒரு முட்டையில் 6, காய்கறியில் 4. கூட்டினால் 48. முட்டை வேண்டாத நாளில் பத்துப் பன்னிரண்டு மீல் மேக்கர் உருண்டை.

அன்று இரவு அம்மா மேல் அலமாரியிலிருந்து டப்பாவை இறக்கினார். பருப்பைக் குக்கரில் போடாமல், பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொள்ளும் மட்டும் வைத்து வேக விட்டார். வெந்ததும் வடிதட்டில் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் கீழே இருந்த சட்டியில் இறங்கியது. ஐம்பது வருடமாக அந்தத் தண்ணீரில் ரசம் வைத்த கை. சட்டியைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனவர் அங்கே நின்று, “இதைக் கொட்டவா சொல்றே?” என்று என்னைக் கேட்டார். கொட்டத்தான் வேண்டும் என்றேன். மனம் வராமல், ஆறும் வரை காத்திருந்து, கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். உள்ளே அப்பா தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.